440சி மீன் கத்தி: ஹார்டனிங் வெளில குடுத்தா 51 எச்ஆர்சிதான் வருது, சென்னைல எப்படி சொல்லிக் குடுக்கணும்?

பட்டறை_போரூர்:

எல்லாருக்கும் வணக்கம். போரூர் பக்கம் சின்னதா ஒரு பட்டறை வச்சு கிச்சன் கத்தி பண்ணிட்டு இருக்கேன். இதுவரைக்கும் பூரா கார்பன் ஸ்டீல்தான், புதுப்பேட்டைல லீஃப் ஸ்பிரிங் பட்டை எடுத்துட்டு வந்து வெட்டி, கிரைண்ட் பண்ணி, கேஸ் ஃபோர்ஜ்ல காய வச்சு, காந்தம் ஒட்டறது நின்னதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் ஏத்தி எண்ணெய்ல விட்டு, ஓடிஜி ஓவன்ல 200 டிகிரில டெம்பர் பண்ணிடுவேன் (மொடுக்குன்னு உடையாம இருக்க மறுபடி மிதமா சூடேத்தறது). அதுல எனக்கு எந்தக் கவலையும் இல்ல.

இப்போ சிந்தாதிரிப்பேட்டை, காசிமேடு பக்கம் மீன் கடைக்காரங்க கேக்கறாங்க. அவங்களுக்கு கார்பன் ஸ்டீல் சரிப்பட்டு வராது, நாள் பூரா ஐஸ் தண்ணி, உப்பு தண்ணி, மீன் ரத்தம், மதியம் கடை கட்டும்போது நல்லா இருந்த கத்தி மறுநாள் காலைல செம்மண் பூசின மாதிரி இருக்கும். அதான் ஸ்டெயின்லெஸ்ல பண்ணலாம்னு 440சி ஷீட் 2.5 எம்எம் வாங்கி, பிளேடு வெட்டி, பெவல் (வெட்டற ஓரத்துக்கு இறங்கற சரிவு) போட்டு, ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்ல குடுத்தேன் (பேர் வேணாம்). வேக்குவம் ஃபர்னஸ்ல (காத்த எடுத்துட்டு சூடேத்தற அடுப்பு) பண்றோம்னுதான் சொன்னாங்க. திரும்பி வந்தது பாத்தா எச்ஆர்சி (கடினத்த அளக்கற நம்பர்) 50, 51, 52ன்னு நிக்குது, நான் கேட்டது 58. ரெண்டு பிளேடு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு. மேல பூரா ஒரு நீலமும் ஊதாவும் கலந்த கலர். அத பாலிஷ்ல எடுத்துட்டு ஒரு கத்திய உப்பு தண்ணில நனைச்சு ராத்திரி பூரா வச்சேன், காலைல பெவல் ஓரமா சின்னச் சின்னதா துருப் புள்ளி.

கேட்டா மெட்டீரியல் சரியில்ல, நீங்க 440சின்னு நினைச்சு வேற எதையோ வாங்கிட்டீங்கன்றாங்க. ஷீட் குடுத்தவர கேட்டா ஹீட் ட்ரீட்மென்ட்தான் சரியில்லன்றாரு. நடுவுல நான்.

ஸ்டெயின்லெஸ் ஹார்டனிங் நம்ம ஃபோர்ஜ்ல முடியாதுன்னு தெரியும், வெளில குடுத்துதான் ஆகணும். தப்பு யார் பக்கம்னு எப்படி கண்டுபிடிக்கறது, அடுத்த தடவ குடுக்கும்போது என்ன எழுதிக் குடுக்கணும், பெவல் போட்டுக் குடுக்கணுமா போடாம குடுக்கணுமா, கிரையோ (ஹார்டனிங் ஆனதும் மைனஸ் டிகிரிக்கு குளிர வைக்கறது) அவசியமா? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க. அந்தக் கடைக்காரங்களுக்கு நல்ல கத்தி குடுக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கேன், காலைல நாலு மணிக்கே வேலைக்கு நிக்கற ஆளுங்க அவங்க.

டூல்ரூம்_அம்பத்தூர்:

தம்பி, நீங்க சொன்னதுல அந்த நீல ஊதா கலர்தான் எனக்கு முக்கியமா படுது. நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல டை, பஞ்ச் வேலை பாக்கறவன், எங்க வேலை பூரா வேக்குவம் ஃபர்னஸ்லதான் போயிட்டு வரும், அதனால அவங்க எப்படி லோடு பண்றாங்கன்னு தெரியும்.

வேக்குவம் ஃபர்னஸ் ஒரு தடவ ஏத்தி இறக்கறது பெரிய செலவு, அதனால உங்க பத்து கத்திக்காக தனியா யாரும் ஃபர்னஸ் போட மாட்டாங்க, பல பேரோட மெட்டீரியல் ஒரே கூடைல போகும். அதிகமா வர்றது டி2, எச்13ன்ற டூல் ஸ்டீலுங்க. இது ரெண்டுக்குமே ஹார்டனிங் 1020, 1030 டிகிரி அக்கம்பக்கம், 440சிக்கு 1010ல இருந்து 1065 வரைக்கும் போகலாம், அதனால ஹார்டனிங் வரைக்கும் உங்க கத்தி அவங்க கூட போனாலும் கெட்டுப் போகாது. கெடறது அடுத்த ஸ்டெப்ல. எச்13 ஹாட் டை மெட்டீரியல், அதுக்கு டெம்பரிங் 550, 600ன்னு போடுவாங்க, உங்க கத்தியும் அதே கூடையோட டெம்பரிங் ஃபர்னஸ்குள்ள போயிருந்தா கதை முடிஞ்சுது. 440சிய 200 டிகிரில டெம்பர் பண்ணா 58 பக்கம் நிக்கும், 550 பக்கம் பண்ணா அம்பது, அம்பத்திரண்டுக்கு இறங்கிடும். உங்களுக்கு வந்திருக்கற நம்பர் அதுதான்.

கலரும் அதையேதான் சொல்லுது. ஸ்டெயின்லெஸ்ல 200 டிகிரி டெம்பருக்கு கலரே வராது, வெள்ளையா அப்படியே இருக்கும், ஊதா நீலம் வரணும்னா காத்து பட்டு அதவிட ரொம்ப மேல போயிருக்கணும். ஆனா கலர மட்டும் வச்சு போய் சண்டை போடாதீங்க, ஹார்டனிங் முடிஞ்சு முழுசா ஆறறதுக்கு முன்னாடி ஃபர்னஸ் கதவத் திறந்துட்டாலும் அந்தக் கலர் வரும். சார்ட் கேளுங்க. எந்த ஃபர்னஸ்லயும் டெம்பரேச்சர் ரெக்கார்டர் இருக்கும், எவ்ளோ டிகிரி, எவ்ளோ நேரம்னு கோடு கோடா விழும். ஹார்டனிங் சார்ட், டெம்பரிங் சார்ட் ரெண்டும் கேளுங்க, எல்லாரும் ஹார்டனிங் சார்ட்ட காட்டிட்டு விட்டுடுவாங்க. டெம்பரிங் சார்ட் குடுக்க மாட்டேன்னு சொன்னா அதுக்கு மேல அந்த இடத்துக்குப் போகாதீங்க.

துருப் புள்ளி வந்ததுக்கும் இதே காரணமா இருக்கலாம். ஸ்டெயின்லெஸ் துருப் பிடிக்காம இருக்கறது அதுல கரைஞ்சு கிடக்கற குரோமியத்தாலதான். சுமாரா 425ல இருந்து 565 டிகிரி வரைக்கும் டெம்பர் பண்ணா அந்தக் குரோமியம் கார்பனோட சேந்து பொடிப் பொடியா கார்பைடா பிரிஞ்சுடும், பிரிஞ்ச இடத்த சுத்தி குரோமியம் குறைஞ்சு போகும், அங்க முதல்ல துருப் பிடிக்கும். அதோட கத்தி உடையறதும் அதிகமாகும். அதனால கிச்சன் கத்திக்கு இந்த ரேஞ்ச் பக்கமே போகக் கூடாது.

மெட்டலர்ஜி_கிண்டி:

மேல சொன்னது சரியாதான் இருக்கு, ஆனா இன்னும் ரெண்டு காரணம் இருக்கலாம், அதையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

முதல் காரணம், ஷீட் நிஜமாவே 440சி இல்லாம 420ஆ இருக்கறது. 420ல கார்பன் கம்மி, 0.3 சதவீதம் பக்கம் இருக்கற ஷீட்டுக்கு எவ்ளோ ஒழுங்கா பண்ணாலும் அம்பது சொச்சத்துக்கு மேல ஏறாது. காந்தம் வச்சுப் பாத்து கண்டுபிடிக்க முடியாது, ரெண்டும் ஒட்டும் (304, 202 ஒட்டாது, அத ஹார்டனே பண்ண முடியாது, அது வேற விஷயம்). இங்க ஒண்ண கவனமா கேட்டுக்கோங்க, நிறைய பேர் ஸ்கிராப் கடைல வச்சிருக்கற துப்பாக்கி மாதிரி எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல காட்டிட்டு 440சின்னு சொல்லிடுவாங்க. அந்த மெஷின் குரோமியம், மாலிப்டினம் காட்டும், கார்பன காட்டாது. உங்களுக்கு வேண்டியதே கார்பன்தான். அதனால ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோ (பொறி விட்டு என்னென்ன எவ்ளோ கலந்திருக்குன்னு பாக்கற டெஸ்ட்) பண்ற லேப்ல மிச்சம் இருக்கற ஷீட்ல ஒரு துண்டு குடுங்க, தட்டையா, ரெண்டு விரல் அகலம் இருந்தா போதும். கார்பன் 0.95ல இருந்து 1.20, குரோமியம் 16ல இருந்து 18, மாலிப்டினம் 0.75க்குள்ள வந்தா அது 440சி. கிண்டில எம்எஸ்எம்இ டெஸ்டிங் சென்டர் இருக்கு, அது இல்லாம என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள தனியார் லேப் அம்பத்தூர், கிண்டி ரெண்டு பக்கமும் இருக்கு. குடுக்கறதுக்கு முன்னாடி கார்பன் சேத்து ரிப்போர்ட் வேணும்னு வாய் விட்டுக் கேட்டுடுங்க.

ரெண்டாவது காரணம், ஹார்டனிங்லயே டெம்பரேச்சர் பத்தாம போறது. 440சில பெரிய பெரிய கார்பைட் இருக்கு, அது ஓரளவாவது கரைஞ்சாதான் கார்பனும் குரோமியமும் ஸ்டீலுக்குள்ள வரும். 950, 960ல எடுத்துட்டா கடினமும் வராது, துருவையும் தாங்காது. அதாவது டெம்பர் அதிகமானாலும் சரி, ஹார்டனிங் குறைஞ்சாலும் சரி, வெளில தெரியற அறிகுறி ஒண்ணுதான், எச்ஆர்சி கம்மி, துரு ஜாஸ்தி. அதான் சார்ட் இல்லாம பேச முடியாதுன்னு அண்ணன் சொல்றாரு.

எச்ஆர்சி எங்க வச்சு எடுத்தாங்கன்னும் பாருங்க. பெவல் மேல வச்சு எடுத்தா சரிவுல வைர முனை சறுக்கி தப்பான நம்பர் வரும், கம்மியாதான் வரும். டேங்க்ல (கைப்பிடிக்குள்ள போற பகுதி), ரெண்டு பக்கமும் இணையா இருக்கற இடத்துல, மேல இருக்கற கறுப்ப லேசா தேச்சு எடுத்துட்டு பாக்கணும். 60 எச்ஆர்சில முனை இறங்கற ஆழம் 0.08 எம்எம், அதுக்குப் பத்து மடங்கு தடிப்பு வேணும்ன்றது பொது கணக்கு, உங்க 2.5 எம்எம் தாராளம்.

ஷீட் சரின்னு வந்துட்டா அந்தக் கத்திங்கள தூக்கிப் போட வேணாம். மறுபடி ஹார்டன் பண்ணலாம், ஆனா நேரா 1040க்கு ஏத்தாம முதல்ல அனீல் பண்ணிட்டு (சூடேத்தி மெதுவா ஆற விட்டு மெத்துன்னு ஆக்கறது) அப்புறம் ஹார்டன் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா கிரெயின் (ஸ்டீலுக்குள்ள இருக்கற பொடி மணிங்க) பெருசாகி கத்தி மொடுக்குன்னு உடையற மாதிரி ஆயிடும்.

பட்டறை_போரூர்:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி சார். எச்ஆர்சி நான் வேற இடத்துல டேங்க்ல வச்சுதான் எடுத்தேன், தேச்சுட்டுதான் எடுத்தாங்க, அதனால நம்பர் சரியாதான் இருக்கும். சார்ட் கேட்டு ஃபோன் பண்ணேன், ஹார்டனிங் சார்ட் வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க, 1030 காட்டுது, டெம்பரிங் சார்ட் தேடிட்டு சொல்றோம்னாங்க. மிச்ச ஷீட்ல துண்டு வெட்டி வச்சுட்டேன், ஸ்பெக்ட்ரோ குடுக்கறேன்.

பெவல், கிரையோ பத்தி யாராவது சொல்லுங்களேன்.

மஃபிள்_மடிப்பாக்கம்:

ப்ரோ, நான் வேற மாதிரி சொல்றேன். மாசம் ஒரு இருபது கத்தி தொடர்ந்து பண்ணப் போறீங்கன்னா சின்ன மஃபிள் ஃபர்னஸ் (கரன்ட்ல ஓடற மூடின அடுப்பு) ஒண்ணு செஞ்சு வாங்கிடுங்க. நான் அதான் பண்றேன். ஒரு கத்தி நீளத்துக்கு உள்ள இடம், 3 கிலோவாட் காயில், சூட்ட ஒரே அளவுல பிடிக்க பிஐடி கன்ட்ரோலர், சூட்ட அளக்க கே டைப் தெர்மோகப்பிள், வீட்டு சிங்கிள் ஃபேஸ்லயே 13 ஆம்பியர்தான் இழுக்கும், ஏசி லைன் மாதிரி தனி லைன் இழுத்துக்கிட்டா போதும். பிளேட ஸ்டெயின்லெஸ் ஃபாயில்ல சுத்தி ஓரம் ரெண்டு மடிப்பு மடிச்சு அடைச்சுடணும், இல்லன்னா 1040 டிகிரில காத்து பட்டு மேல் தோல்ல கார்பன் போயிடும், செதில் வேற கட்டும். உள்ள போட்டு டெம்பரேச்சர் திரும்ப 1040 தொட்டதுல இருந்து ஒரு 20 நிமிஷம், எடுத்து ஃபாயிலோட அப்படியே ரெண்டு தடி அலுமினியம் பிளேட்டுக்கு நடுவுல வச்சு அழுத்திப் பிடிச்சா முடிஞ்சுது. எண்ணெய் கிடையாது, நெருப்பு கிடையாது, முக்கியமா வளையாது, ஏன்னா ஆறும்போதே நேரா பிடிச்சு வச்சிருக்கோம். ஃபாயில் ஓரம் பிளேடு மாதிரி கைய கிழிக்கும், க்ளவுஸ் போடுங்க.

இதுல என்ன சந்தோஷம்னா டெம்பரேச்சர் நம்ம கைல. அடுத்தவன் கூடைல நம்ம கத்தி எதோட போகுதுன்னு யோசிச்சுட்டு இருக்க வேணாம்.

டூல்ரூம்_அம்பத்தூர்:

மஃபிள் நல்ல ஐடியாதான், ஆனா தம்பி இப்போ இருக்கற நிலைல ஆர்டர் கைல வச்சிருக்காரு, ஃபர்னஸ் செஞ்சு அது செட் ஆகறதுக்கே நாள் போயிடும். தெர்மோகப்பிள் 30 டிகிரி தப்பா காட்டினா கூட கத்தி மாறிடும், அத சரி பார்க்கவே ஒரு லேப் வேணும். நல்ல யூனிட் ஒண்ண பிடிச்சு ஒழுங்கா எழுதிக் குடுத்தா வெளி வேலையே போதும்ன்றது என் எண்ணம். எங்க டூல்ரூமே இத்தன வருஷமா அப்படித்தான் ஓடுது.

எழுதிக் குடுக்கறதுன்னா எப்படின்னு சொல்றேன். 'எஸ்எஸ் கத்தி, ஹார்டனிங், 58'ன்னு எழுதினா அவங்க இஷ்டத்துக்கு எதுலயாவது போட்டு நம்பர் வருதான்னு பாப்பாங்க. சலான்லயே இந்த மாதிரி எழுதுங்க: மெட்டீரியல் 440சி, தடிப்பு 2.5 எம்எம், வேக்குவம் ஹார்டனிங் 1030ல இருந்து 1050க்குள்ள, நைட்ரஜன் க்வென்ச் (வேகமா ஆற வைக்கறது), டெம்பரிங் 200 டிகிரி, ரெண்டு தடவ, ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரம், முதல் டெம்பர் முடிஞ்சு கை வைக்கற அளவுக்கு ஆறினதுக்கப்புறம்தான் ரெண்டாவது, 250 டிகிரிக்கு மேல எந்தக் காரணத்துக்கும் டெம்பர் பண்ணக் கூடாது, எச்ஆர்சி 57லிருந்து 59, ரெண்டு சார்ட்டும் வேணும். அந்த 250 வரி ரொம்ப முக்கியம், அத கொஞ்சம் பெருசா எழுதுங்க. 60, 61 வந்துட்டா நம்பர இறக்க மறுபடி சூடேத்தற ஆளுங்க இருக்காங்க.

குடுக்கும்போது ரிசப்ஷன்ல குடுத்துட்டு வராதீங்க. ஃபர்னஸ் பாக்கற சூப்பர்வைசர்கிட்ட நேரா பேசுங்க, 'அடுத்த டி2 லாட் எப்போ போடுவீங்க, அது டெம்பர் 200ஆ 500ஆ'ன்னு கேளுங்க. டி2ல ரெண்டு விதமாவும் டெம்பர் பண்ணுவாங்க. 200 டெம்பர் லாட் இருந்தா அதுல உங்க கத்திய போடச் சொல்லுங்க, தனி லோடு காசும் மிச்சம், அவங்களுக்கும் தொந்தரவு இல்ல. ஒண்ணு, அந்த லாட்ல பெரிய பெரிய பிளாக் இருந்தா அது உள் வரைக்கும் காயறதுக்கு ஊற வைக்கற நேரம் நீட்டுவாங்க, மெல்லிசு பிளேடு அவ்ளோ நேரம் உச்சத்துல நின்னா நல்லதில்ல, சின்ன சைஸ் பஞ்ச், இன்செர்ட் மாதிரி லாட்டா பாத்துக்கோங்க. கிலோ கணக்குலதான் காசு, மினிமம் சார்ஜ் இருக்கும், ஒரு கத்தி ரெண்டு கத்தி எடுத்துட்டுப் போனா கட்டுப்படியாகாது, சேத்து வச்சுக் குடுங்க.

பழைய யூனிட்ல சால்ட் பாத் இருந்தா அதையும் குறைவா நினைக்காதீங்க. கத்திய கம்பில கட்டி செங்குத்தா தொங்க விட்டுடுவாங்க, உருகின உப்புக்குள்ள சமமா காயும், மெல்லிசு கத்தி அதுல வளையறது கம்மி. வந்ததும் சுடு தண்ணில ஓட்டை, முடுக்கு எல்லாம் நல்லா கழுவிடணும், உப்பு ஒரு துளி ஒட்டிட்டு இருந்தாலும் சென்னை காத்துக்கு அந்த இடம் குழி விழுந்துடும்.

பெவல் கேட்டீங்க. 2.5 எம்எம்க்கு பெவல் போடாம அனுப்புங்க. போட்டே ஆகணும்னா எட்ஜ்ல 0.7, 0.8 எம்எம் விட்டுட்டு, ரெண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்து, 120 கிரிட் வரைக்கும் ஃபினிஷ் பண்ணி அனுப்புங்க. ஒரு பக்கம் ஜாஸ்தி ஒரு பக்கம் கம்மி இருந்தா அது கண்டிப்பா வளையும், 36 கிரிட் கோடு குறுக்கால ஆழமா இருந்தா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். டேங்க் சேர்ற இடத்துல உள் மூலை கூர்மையா வேணாம், உருண்டையா எடுங்க. பின் ஓட்டை எல்லாம் முன்னாடியே போட்டுடுங்க, ஹார்டன் ஆனதுக்கப்புறம் சாதா டிரில் பிட் வழுக்கிட்டு நிக்கும், கார்பைட் பிட்தான் எடுக்கும்.

மீன்_வண்டி:

நான் கத்தி பண்றவன் இல்ல, மீன் வெட்டறவன். அண்ணன் எனக்கு தெரிஞ்சவரும் இல்ல, ஆனா எங்களுக்காக இவ்ளோ மெனக்கெடறாரு, அதான் எழுதறேன்.

எங்களுக்கு ரொம்ப கடினம் வேணாம்ணே. வஞ்சிரம் ஸ்லைஸ் போடும்போது நடு முள்ளு மேல கத்தி இறங்கும், கொடுவா தலைய ரெண்டா பொளக்கும்போது எலும்புல படும், ரொம்ப கடினமா இருக்கற கத்தி அங்க ஓரம் பல்லு பல்லா உதிரும். கொஞ்சம் மழுங்கினா பரவால்ல, நாங்க மணிக்கு ஒரு தடவ கல்லுல ரெண்டு இழு இழுத்துக்குவோம். உதிர்ந்தா அன்னைக்கு பூரா வேலை கெடும். ஃபில்லே எடுக்கற கத்தி மட்டும் மெல்லிசா, கொஞ்சம் கடினமா இருக்கலாம், அது முள்ளு மேல படாம சறுக்கிட்டுப் போறதுதான். ரெண்டு கத்திக்கும் ஒரே நம்பர் போடாதீங்க.

இன்னொண்ணு, கைப்பிடிக்கும் கத்திக்கும் நடுவுல இடுக்கு இல்லாம பண்ணுங்க. துரு முதல்ல அங்கதான் வருது, நாத்தமும் அங்கதான்.

மெட்டலர்ஜி_கிண்டி:

மீன் வெட்டறவர் சொன்னது ரொம்ப சரி. வெட்டு கத்திக்கு 56, 57 போதும், டெம்பர 230, 250 வரைக்கும் ஏத்திக்கலாம். ஃபில்லே கத்திக்கு 58, 59. ரெண்டையும் ஒண்ணா ஹார்டன் பண்ணிட்டு டெம்பர் மட்டும் பிரிச்சுப் பண்ணலாம், டெம்பரிங் உங்க ஓவன்லயே முடியுமே! முதல் டெம்பர் 180ல அங்கேயே பண்ணி வாங்கிக்கோங்க, க்வென்ச் பண்ணி டெம்பர் இல்லாம ஸ்டீல ரொம்ப நேரம் வைக்கக் கூடாது, விரிசல் விடலாம். அடுத்த டெம்பர் உங்க டெம்பரேச்சர்ல வீட்ல. டெம்பர 180ல வாங்கினா மேல ஏத்தறது உங்க இஷ்டம், மேல போயிட்டு வந்தத இறக்க முடியாது. ஓடிஜி டயல நம்பாதீங்க, உள்ள தனியா ஒரு தெர்மாமீட்டர் வைங்க, காயில் அடிக்கடி ஆன் ஆகும்போது டெம்பரேச்சர் எகிறும், கத்திய ஒரு தட்டுல மணல்ல புதைச்சு வச்சா சமமா இருக்கும்.

கிரையோ பத்தி: க்வென்ச் ஆனதும் ஸ்டீல்ல ஒரு பகுதி மாறாம ஆஸ்டினைட்டாவே தங்கிடும், அது மெத்துன்னு இருக்கும். ஹார்டனிங் டெம்பரேச்சர் ஏற ஏற அது ஜாஸ்தியாகும். 1030, 1040ல எடுத்த 440சிக்கு கிரையோ இல்லாமலே 58 பக்கம் வரும், அதனால உங்க மீன் கத்திக்கு கட்டாயம் இல்ல. பிற்பாடு ஏஇபி-எல், 14சி28என் மாதிரி ஸ்டீல்ல 1060, 1080ன்னு போய் 60க்கு மேல எடுக்கணும்னா அப்போ வேணும். ட்ரை ஐஸ் மைனஸ் 78 வரைக்கும் போகும், லிக்விட் நைட்ரஜன் மைனஸ் 196. எதுவா இருந்தாலும் க்வென்ச் முடிஞ்சு ரூம் டெம்பரேச்சர் வந்த உடனே பண்ணணும், முதல் டெம்பருக்கு முன்னாடி. நாலு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்த கத்திய ஃப்ரீசர்ல வைக்கறதுல பெருசா பிரயோஜனம் இல்ல. அதனால கிரையோ வேணும்னா ஹார்டனிங் பண்ற இடத்துலயே சப் ஜீரோ வசதி இருக்கான்னு கேட்டுக் குடுக்கணும்.

துருவுக்கு இன்னொரு காரணம் உங்க பட்டறைலயே இருக்கலாம். லீஃப் ஸ்பிரிங் கிரைண்ட் பண்ற பெல்ட்லயே ஸ்டெயின்லெஸ்ஸும் பண்றீங்களா? கார்பன் ஸ்டீல் துகள் பெல்ட்ல ஒட்டி ஸ்டெயின்லெஸ் மேல பதிஞ்சுடும், உப்பு தண்ணில அந்தத் துகள்தான் முதல்ல துருவாகும், பாக்கறவங்களுக்கு கத்தியே துருப் பிடிச்ச மாதிரி இருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு தனி பெல்ட் வைங்க. கடைசி ஃபினிஷ் எவ்ளோ நைஸோ அவ்ளோ நல்லது, சொரசொரப்பான கோட்டுலதான் உப்பு தங்கும். முடிச்சதும் சிட்ரிக் ஆசிட் கரைசல்ல கொஞ்ச நேரம் போட்டுக் கழுவினா மேல இருக்கற இரும்புத் துகள் போயிடும்.

சலான்_சரவணா:

டெக்னிக்கலா எனக்கு ஒண்ணும் தெரியாது, பேப்பர் விஷயம் மட்டும் சொல்றேன். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் போட்டு அனுப்புங்க, அதுல எத்தன பீஸ், என்ன மெட்டீரியல், என்ன வேலைன்னு இருக்கணும், மேல அண்ணன் சொன்ன டெம்பர் வரியும் அதுலயே இருந்தா பின்னாடி பேச்சு வராது. 'வீட்டு உபயோக சமையல் கத்தி, மீன் வெட்டும் கத்தி'ன்னு தெளிவா எழுதுங்க. ஆயுதச் சட்டத்துல 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்தி வகையறா வருது, ஆனா வீட்டு உபயோகம், விவசாயம், தொழிற்சாலை, அறிவியல் உபயோகத்துக்குன்னு செய்யறதுக்கு அது கிடையாது. மீன் கத்தி பல நேரம் அந்த நீளத்த தாண்டும், அதனால சில யூனிட்ல கத்தின்னதும் வாங்கவே தயங்கறாங்க. சலானும், வாங்கற கடையோட ஒரு ஆர்டர் காப்பியும் கைல இருந்தா அவங்களுக்கும் தைரியம், வண்டில எடுத்துட்டுப் போற உங்களுக்கும் நல்லது.

பட்டறை_போரூர்:

ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட் வந்துடுச்சு. கார்பன் 1.02, குரோமியம் 16.6, மாலிப்டினம் 0.45. ஷீட் 440சியேதான். அந்த ரிப்போர்ட்ட எடுத்துட்டு நேரா யூனிட்டுக்குப் போய் சூப்பர்வைசர பாத்தேன், ரெண்டு சார்ட்டயும் எடுத்துக் காட்டினாரு, டெம்பரிங் 560, எச்13 லாட்டோட போயிருக்கு. மனுஷன் நேர்மையா ஒத்துக்கிட்டாரு, அனீல் பண்ணி மறுபடி ஹார்டன் பண்ணித் தரேன், காசு வேணாம்னு சொல்லிட்டாரு. எனக்கு அவர் மேல மரியாதைதான் வந்துச்சு.

ஆனா கத்திக்கு ஏற்கனவே பெவல் இருக்கு, எட்ஜ் 0.6 எம்எம்தான். ரெண்டாவது தடவ போனா இன்னும் வளையுமா? ஏற்கனவே வளைஞ்ச ரெண்டையும் அனுப்பலாமா? புது பிளேடு பெவல் இல்லாம தனியா வெட்டி வச்சிருக்கேன், ஹார்டன் ஆன 440சிய கிரைண்ட் பண்ணும்போது சூடு ஏறிடாதான்னும் ஒரு பயம்.

டூல்ரூம்_அம்பத்தூர்:

நல்ல யூனிட்தான் தம்பி, சார்ட்ட எடுத்து முன்னாடி வைக்கறவங்கள விட்டுடாதீங்க.

வளைஞ்ச ரெண்டையும் அனுப்புங்க, ஆனா அனீல் ஆனதும் நடுவுல ஒரு தடவ வாங்கி நேர் பண்ணிட்டு திருப்பிக் குடுங்க, அப்போதான் மெத்துன்னு இருக்கும், வைஸ்ல சுலபமா நிமிர்ந்துடும். கூடைல படுக்க வைக்க வேணாம், டேங்க் ஓட்டைல ஸ்டெயின்லெஸ் கம்பி கட்டி தொங்க விடச் சொல்லுங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது, ஒட்டற பக்கம் நைட்ரஜன் போகாம மெதுவா ஆறும், அந்தப் பக்கம் இழுத்துடும். அதுக்கு அப்புறமும் லேசா வளைவு இருந்தா வீட்ல ரெண்டாவது டெம்பர் போடும்போது தடி ஆங்கிள்ல வச்சு மூணு இடத்துல தாங்கு குடுத்து சி கிளாம்ப் போடுங்க, வளைவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாவே தள்ளி இறுக்கி ஓவன்ல விடுங்க, முழுசா ஆறினதுக்கப்புறம் கழட்டுங்க. குளிர்ந்த கத்திய வைஸ்ல வச்சு நிமிர்த்தாதீங்க, உடைஞ்சுடும்.

0.6 எட்ஜ் ரெண்டாவது ஹார்டனிங் தாங்கும்னுதான் நினைக்கறேன், ஓரத்துல கார்பன் போயிருந்தா கடைசி கிரைண்டிங்ல ஓரத்த ஒரு அரை எம்எம் உள்ள எடுத்துடுங்க.

சூடு பத்தி பயப்படாதீங்க, ஆனா பெல்ட்ல காசு பாக்காதீங்க. புது செராமிக் பெல்ட், 60 கிரிட், வெறும் கைல பிடிச்சு கிரைண்ட் பண்ணுங்க, பக்கத்துல பக்கெட் தண்ணி, ஒரு இழுப்புக்கு ஒரு முக்கு. கை சூடு தாங்கற வரைக்கும் நீங்க 200 டிகிரி கிட்டக் கூட போகல. நுனியும் எட்ஜும்தான் கவனம், அங்க மெல்லிசா இருக்கறதால கைக்குத் தெரியறதுக்கு முன்னாடியே ஏறிடும், பழைய பெல்ட்ல அழுத்தித் தேச்சா ஒரு செகண்ட்ல வைக்கோல் கலர் வந்துடும், வந்தா அந்த ஓரம் போச்சுன்னு வச்சுக்கோங்க.

அப்புறம் ஒண்ணு, அதே ஷீட்ல ஒரு விரல் அகலத்துக்கு ரெண்டு துண்டு வெட்டி கத்தியோடயே கட்டி அனுப்புங்க. வந்ததும் ஒண்ண வைஸ்ல வச்சு துணி போத்தி சுத்தியால உடைச்சுப் பாருங்க (கண்ணாடி போட்டுக்கோங்க). உடைஞ்ச முகம் சாம்பல் கலர்ல நைஸா மெத்துன்னு இருந்தா கிரெயின் நல்லா இருக்கு, சக்கரை தூவின மாதிரி மின்னினா டெம்பரேச்சரோ நேரமோ அதிகமா போயிருக்கு. இன்னொரு துண்ட எச்ஆர்சி பாக்க வச்சுக்கோங்க, கத்தி மேல புள்ளி விழாது.

பட்டறை_போரூர்:

சரிண்ணே, துண்டு ரெண்டும் வெட்டி ஓட்டை போட்டாச்சு. வெட்டு கத்திய 240லயும் ஃபில்லே கத்திய 200லயும் வீட்ல ரெண்டாவது டெம்பர் போட்டுக்கறேன், யூனிட்ல முதல் டெம்பர் 180ன்னு சலான்ல பெருசா எழுதிட்டேன். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு தனி பெல்ட்டும் வாங்கிட்டேன். கத்தி வந்ததும் எச்ஆர்சி நம்பரோட இங்கயே போடறேன். மீன்_வண்டி தம்பி, நீங்க எந்த மார்க்கெட்டுன்னு தனியா சொல்லுங்க, முதல் வெட்டு கத்திய உங்ககிட்ட குடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாக்கணும்.